இன்னும் ஓடும், மாத்தாதீங்க

"இன்னும் ஓடும் சார், இப்ப மாத்தாதீங்க."

வண்டி பழுதுபார்க்கிற ஒருவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை கேட்டு உங்களுக்கு எவ்வளவு காலம் ஆகிறது? சென்னைக்கு வந்தபின் ஒருமுறைகூடக் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. கேட்டதெல்லாம் திண்டுக்கல்லில், நத்தம் சாலையில், தகரக் கூரைக்குக் கீழே. ஜீப்பும் ஸ்கூட்டரும் கலந்து நிற்கும் ஒரு ஒர்க்‌ஷாப். சொந்தக்காரரை ஊரே பாய் என்றுதான் கூப்பிட்டது. கடைக்குப் போர்டு கிடையாது. ஒரு காலத்தில் இருந்ததாம். மழையில் விழுந்ததை எடுத்து, வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கப் பலகையாக்கிக்கொண்டார்.

இப்போது என் கார் சர்வீசுக்குப் போகும் விதமே வேறு. கைப்பேசியில் நாள் குறித்தால் வாசலுக்கே ஒரு பையன் வந்து எடுத்துப் போகிறான். எடுக்குமுன் நாலு பக்கமும் படம் பிடித்துக் கீறல்களைக் குறித்துக்கொள்கிறான். நேரில் போனால் ஏசி ஹால், காப்பி மெஷின், பெரிய கண்ணாடிச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் என் வண்டியைத் தூக்கி நிறுத்தியிருப்பார்கள். பார்க்கலாம், கேட்க முடியாது. பில்லில் த்ராட்டில் பாடி கிளீனிங், ஏசி கிருமிநீக்கம், எஞ்சின் ஃப்ளஷ், அடிப்பாகப் பூச்சு என்று வரிசையாக இருக்கும். இதில் வண்டி கேட்டது எது, அந்த மாத டார்கெட் கேட்டது எது என்று எனக்குத் தெரியாது. எவ்வளவு என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். என்ன ஆயிற்று என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

முதலில் தொலைந்தது சத்தம்தான். சிமென்ட் தரையில் ஸ்பேனர் விழும் சத்தம். "டேய், பதினாலு பதினஞ்சு எடு" என்று ஜீப்புக்கு அடியிலிருந்து வரும் குரல். நீட்டியது பன்னண்டு பதிமூணாக இருந்துவிட்டால் அதைத் தொடர்ந்து வரும் இன்னொரு குரல். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஐடிலில் நின்று, விட்டு விட்டு அடித்து, இதோ அணையப்போகிறது என்று பயமுறுத்தி, அணையாமல் ஓடிக்கொண்டே இருக்குமே, அந்தச் சத்தம். மண்ணெண்ணெய்த் தட்டில் செயினை ஊறப்போட்ட வாசனையும் அதோடு சேர்த்தி. திருப்பூர் பனியன் வேஸ்ட்டில் துடைத்து, மரத்தூளும் சோப்புத்தூளும் கலந்து தேய்த்துக் கழுவிய பிறகும் கையை விட்டுப் போகாத கிரீஸ் வாசனையும்.

தெருவில் போகிற வண்டியைத் தலை நிமிராமலே அடையாளம் சொல்வார் பாய். "கம்பவுண்டரோட லூனா. செயின் தொங்குது. சாயங்காலம் வரச் சொல்லுடா." சாயங்காலம் கம்பவுண்டர் வருவார். செயினை இறுக்கிக்கொண்டு எவ்வளவு என்று கேட்பார். "இதுக்கெல்லாமா?" என்பார் பாய். அந்த 'இதுக்கெல்லாமா'வையும் நான் வெகுகாலமாக எங்கும் கேட்கவில்லை.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பஜாஜ் சேட்டக் வாங்கிய தலைமுறை. 1972-இல் வந்த வண்டி அது. லைசென்ஸ் கட்டுப்பாடுகள் இருந்த அந்தக் காலத்தில் பிள்ளை பிறந்தபோது பதிவு செய்து, அது பள்ளிக்கூடம் போகும்போது வண்டி எடுத்த குடும்பங்கள் உண்டு. அப்படிக் கிடைத்ததைப் பழசாகிவிட்டது என்று யாராவது தள்ளுவார்களா? ஓட ஓட ஓட்ட வேண்டியதுதான். அதற்கு ஒரு கை வேண்டும், நம்பத் தகுந்த கை.

மழைக்காலக் காலையில் சேட்டக் கிளம்பாது. அப்பா ஒரு பக்கமாகச் சாய்த்து, நிமிர்த்தி, உதைத்து, வியர்த்து, கடைசியில் தள்ளிக்கொண்டே போவார். பின்னால் நான். பாய் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடிப்பார். முனை காப்பி நிறத்தில் இருந்தால் எஞ்சின் சுகம். கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ கூடுதலாகப் போகிறது. வெளுத்திருந்தால் உள்ளே சூடு அதிகம். முதலில் எனக்குக் காட்டிவிட்டுத்தான் அப்பாவிடம் சொல்வார். உப்புத்தாளை மடித்து முனையைத் துடைப்பார். இடைவெளியை அளக்கத் தனிக் கேஜ் பெட்டியில் பத்திரமாக இருக்கும். அவர் எடுப்பது ஒடிந்த ஆக்ஸா பிளேடுத் துண்டை. அந்தப் பிளேடின் கனமும் பிளக்குக்கு வேண்டிய இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலே. பிளேடு லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் சரி. பிளக்கைத் திரும்ப மாட்டி ஒரு உதை. நீலப் புகை.

"புதுப் பிளக்கே போட்டுரலாமா பாய்?"

"எதுக்கு சார்? இன்னும் ஓடும்."

இவரை ஏன் அப்படி நம்பினோம் என்று இப்போது பிரித்துப் பார்க்கிறேன். எல்லாம் கண்முன்னால் நடந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளலாம். சாமான் ஏதாவது வேண்டுமென்றால் துண்டுச் சீட்டில் எழுதி, "நீங்களே போய் வாங்கிட்டு வந்துருங்க" என்பார். இது சின்ன விஷயமில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் மெக்கானிக்குக் கமிஷன் என்பது எல்லா ஊரிலும் நடக்கிற வழக்கம். நாமே போய் வாங்கினால் அது அவருக்கு இல்லை. கழற்றிய பழைய சாமானைப் பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்துவிடுவார். "தேஞ்ச எடத்தைத் தடவிப் பாருங்க சார்." அப்படி எங்கள் வீட்டு அலமாரியில் சேர்ந்த பிஸ்டன் ரிங்குகளும் கிளட்ச் பிளேட்டுகளும் அம்மாவின் நிரந்தரப் புகார்.

ஒருமுறை வண்டி இழுக்கவில்லை, புகையும் கூடிவிட்டது. இன்னொரு கடையில் ரீபோர் செய்தே ஆகவேண்டும் என்றார்கள். சிலிண்டரை லேத்தில் கொடுத்துக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போடுகிற வேலை. கால் கால் மில்லிமீட்டராகச் சில தடவைதான் கடைய முடியும். ஒவ்வொரு தடவையும் சிலிண்டரின் ஆயுளில் ஒரு பங்கு போய்விடும். பாய் திறந்து பார்த்தார். சைலன்சரைக் கழற்றி நெருப்பில் போட்டு, உள்ளே அடைத்திருந்த கரியை எரித்துத் தட்டி எடுத்தார். ரிங் மட்டும் மாற்றினார். "ரீபோர் கையிருப்புல இருக்கட்டும் சார், பின்னாடி உதவும்." அன்றைக்கு அவருக்கு வரவேண்டிய கூலியில் பெரும்பகுதியை அவரே வேண்டாம் என்று சொன்னது எனக்கு அப்போது புரியவில்லை. வண்டி, நான் காலேஜ் முடிக்கும்வரை ஓடியது.

எல்லா மெக்கானிக்கும் இப்படித்தான் இருந்தார்கள் என்றால் பொய். நல்ல கண்டென்சரைக் கழற்றிக்கொண்டு மட்டமானதை மாட்டியவர்களும், டேங்கிலிருந்து பெட்ரோல் இறக்கிக்கொண்டவர்களும் எல்லா ஊரையும்போல எங்கள் ஊரிலும் இருந்தார்கள். அதனால்தான் பாய் கடையில் கூட்டம். இன்னொன்றும் உண்டு. அவர் எங்கும் ஓடி ஒளிய முடியாது. வீடு இரண்டு தெரு தள்ளி. ரேஷன் கடை வரிசையில் அப்பாவுக்கு முன்னால் நிற்பார். அவர் மகளுக்கு அப்பாதான் கணக்கு வாத்தியார். ஏமாற்றிவிட்டு மறுநாள் யார் முகத்தில் விழிப்பது? இங்கே சர்வீஸ் சென்டரில் என்னிடம் பேசுகிற அட்வைசர் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்ல மாட்டேன். பழகுவதற்குள் வேறு கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பாய் "இன்னும் ஓடும்" என்று சொன்னதே கிடையாது. பிரேக். நத்தம் சாலையிலிருந்து பிரிந்து ஏறும் சிறுமலைப் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். வாழைத்தாரும் பலாவும் எலுமிச்சையும் ஏற்றி இறங்கும் ஜீப்புகள் அவரிடம்தான் வரும். லைனிங் தேய்ந்திருந்தால் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

"காசு இல்ல பாய், அடுத்த லோடுக்குத் தர்றேன்."

"காசு கேட்டேனா? லைனிங் போடாம வண்டி மலைக்குப் போகாது."

கடன் நோட்டில் ஏறும். அந்த நோட்டில் மனிதர் பெயர்களே இருக்காது: 'பச்சை எம்80', 'பலாப்பழ ஜீப்', 'போஸ்ட்மேன் டிவிஎஸ்'. சில வரிகளுக்குக் குறுக்கே பேனாவால் ஒரு கோடு. வாங்கிவிட்டீர்களா என்று கேட்டால் பதில் வராது. விசாரித்தால் அந்த வீட்டில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு இருக்கும், அல்லது ஒரு சாவு.

தெரு முனையில் ஒரு அடிபம்பு. திண்டுக்கல்லின் கோடையைப் பார்த்தவர்களுக்கு அடிபம்பின் அருமை தெரியும். வாஷர் போய்விட்டால் கைப்பிடியை அடிக்க அடிக்கக் காற்றுதான் வரும், நகராட்சிக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பாய் காத்திருக்க மாட்டார். எஞ்சின் தூக்குகிற மூணு காலையும் செயின் பிளாக்கையும் பையன்கள் தோளில் கொண்டுவந்து நட்டு, பைப்புகளை ஒவ்வொன்றாக மேலே இழுப்பார்கள். எங்கள் ஊர் தோல் ஷாப்புகளின் ஊர். வாஷருக்குத் தோல் யாரிடம் கேட்டால் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். வேலை முடியும்வரை குடங்களோடு வரிசையில் நிற்கிற பெண்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அவர் எல்லாவற்றுக்கும் "சரிக்கா, சரிக்கா" என்பார். முதல் தண்ணீர் துருவோடு வரும், பிறகு தெளியும். வந்த வழியே சாமான்களைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுவார். பெரிய நிறுவனங்கள் இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் சொல்கிறது. செலவிடுகிற இடத்தில் பெயர்ப்பலகையும் வைக்கிறார்கள். எங்கள் அடிபம்பில் அப்படி எதுவும் இல்லை. இருந்திருந்தால் பாய் அதையும் கழற்றிப் படுக்கிற பலகையாக்கியிருப்பார்.

அரசு கொடுக்கும் இலவச சைக்கிள் வந்து இறங்கும் வாரத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகள் கடை முன்னால் மொய்ப்பார்கள். புது சைக்கிள்தான், ஆனால் ஒரு நட்டும் முறுகியிருக்காது. ஒவ்வொன்றாக முறுக்கி, பிரேக்கைச் சரிபார்த்து அனுப்புவார்கள். காசு கிடையாது. அந்த வாரம் மற்ற வண்டிகள் காத்திருக்கத்தான் வேண்டும், யாரும் முணுமுணுத்ததில்லை.

தை மாதம் வந்தால் பழனிக்குப் பாதயாத்திரை. காரைக்குடிப் பக்கத்திலிருந்து குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாக வருகிற கூட்டம் எங்கள் சாலையில்தான் திண்டுக்கல்லுக்குள் நுழையும். முன்னும் பின்னுமாக அரிசி மூட்டையும் அண்டாவும் ஏற்றிய வேன்கள், ஜெனரேட்டர் வண்டிகள். மணிக்கணக்காக முதல் கியரில் ஊர்ந்து வருகிற எஞ்சின்கள் கொதிக்காமல் என்ன செய்யும்? அந்த நாட்களில் பாய் கடை இராத்திரியெல்லாம் திறந்திருக்கும். ஒரு ஓரத்தில் சுக்குக்காப்பி கொதித்துக்கொண்டிருக்கும். ஃபேன் பெல்ட் அறுந்தால் பெல்ட்டுக்கு மட்டும் காசு, கூலி கிடையாது. "ஒட்டன்சத்திரம் தாண்டுற வரைக்கும் பின்னாடி லைட்டை அணைச்சிராதீங்கய்யா, ஆளுக நடந்து வர்றாக" என்று ஒவ்வொரு டிரைவரிடமும் சொல்லி அனுப்புவார். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் கடையில் ஆள் இருக்காது, பேகம்பூர் பள்ளிவாசலுக்குப் போயிருப்பார். அந்த நேரத்துக்கு ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்ற என் வயதுப் பையன்கள் நாங்கள் காவல். திரும்பி வருகிற வேன்காரர்கள் பஞ்சாமிர்த டப்பாவை நீட்டுவார்கள். சிரித்துக்கொண்டே வாங்கிப் பையன்கள் கையில் கொடுத்துவிடுவார்.

பையன்கள் என்கிறேன். பள்ளியை விட்டு வந்து எண்ணெய்க் கையோடு நின்ற பிள்ளைகள் அன்றைக்கு எந்த ஒர்க்‌ஷாப்பிலும் உண்டு, பாய் கடையிலும் உண்டு. அதை அழகாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவர் செய்தது ஒன்று உண்டு. பத்தாவதைத் தனியாக எழுதிப் பாஸானால்தான் எஞ்சினைத் திறக்க விடுவேன் என்பது அவர் கடைச் சட்டம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அப்பாவிடம் டியூஷனுக்கு அனுப்பிவிடுவார். மண்ணெண்ணெய் மணக்க எங்கள் திண்ணையில் உட்கார்ந்து அல்ஜீப்ரா போட்டவர்களில் சிலர் ஐடிஐயில் இரண்டு வருட மோட்டார் மெக்கானிக் படிப்பு முடித்து ஓசூருக்கும் ஒரகடத்துக்கும் போனார்கள். ஃபீஸ் கட்டியது யார் என்று கேட்காதீர்கள், நோட்டில் அதற்கும் ஒரு கோடுதான்.

ஆயுதபூஜை அன்று அந்தப் பையன்களின் ராஜ்யம். ஸ்பேனர் முழுக்கக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டி, தெருவுக்கே பொரிகடலை. பாய் வெள்ளைச் சட்டையில் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். கையில் கிரீஸ் இல்லாமல் அவரைப் பார்க்கிறபோது வேறு யாரோபோல இருக்கும்.

பிறகு எல்லாம் ஒவ்வொன்றாக மாறியது. டூ ஸ்ட்ரோக் போயிற்று. 2009-இல் ஸ்கூட்டர் தயாரிப்பையே விடுவதாக பஜாஜ் அறிவித்தது. 2014-இல் மாருதி 800 நின்றது, அம்பாசடரும் நின்றது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபின் புது டூவீலர்களிலும் கார்புரேட்டர் போய், ஃப்யூல் இன்ஜெக்‌ஷனும் சென்சாரும் வந்துவிட்டன. ஸ்கேனர் செருகாமல் நோய் சொல்ல முடியாது. புகை குறைந்தது நல்லதுதான், மறுக்கவில்லை. சட்டமும் சும்மா இல்லை. உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்க விடாததற்காக 2014-இல் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போயிற்று. 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு ஓர் இணையதளமே திறந்தது. வேண்டியதுதான். சாமான் கிடைக்கும், ஸ்கேனரும் கிடைக்கும். சாமானைக் கையில் வைத்துக்கொண்டு, இது வேண்டாம் என்று சொல்லும் ஆள்?

கடைசிக் காலத்தில் பாய்க்குக் காது மந்தமாகிவிட்டது. நீள ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து, எந்த பேரிங் என்று சொன்ன மனிதர். பையன் வண்டியை முடுக்க, இவர் டேங்கின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். அப்போதும் பெரும்பாலும் சரியாகத்தான் சொன்னார். அப்புறம் அதுவும் இல்லை. நான் ஊருக்குப் போவது குறைந்துபோன வருடங்களில் அவர் மௌத்தான செய்தி தொலைபேசியில் வந்தது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். சேட்டக் என்ற பெயரில் பேட்டரி வண்டி வந்திருக்கிறது, சத்தமே இல்லை. அதன் பக்கத்தில் நின்று பார்த்தேன். நல்ல வண்டி. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

என் காரில் இப்போது ஒரு சத்தம் இருக்கிறது. இடப்பக்க முன்சக்கரத்தில், வேகத்தடை ஏறி இறங்கும்போது, ஒரு டக். சர்வீஸ் சென்டரில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "எங்களுக்குக் கேக்கல சார். நீங்க ஃபீல் பண்றீங்கன்னா சஸ்பென்ஷன் செட்டையே மாத்திரலாம்" என்று எஸ்டிமேட் அனுப்பினார்கள். கூடவே, சேவைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று ஒரு குறுஞ்செய்தி.

தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில், பக்கத்து ஸ்டூலில் நம்மை உட்காரவைத்து வேலை பார்க்கிற ஒருவர் இன்னும் இருந்தால், அந்தத் தெருவின் பெயரை மட்டும் எனக்குச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். லிங்க் ராடாகத்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது, சில நூறு ரூபாய்ச் சாமான். நான் சொல்லி என்ன, அவர் குனிந்து பார்த்துச் சொல்லட்டும்.